ஆறு வயதில் முளைக்கும் பல்

குழந்தைக்கு முதல் நிரந்தரப் பல் எப்போது முளைக்கும் என்று யாரைக் கேட்டாலும், முன்பல் ஆடி விழுந்த பிறகு என்றுதான் சொல்வார்கள். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்த ஞாபகம் நம்மில் பலருக்கும் இருக்கிறது. ஆனால் அநேகமாக அதே நாட்களில், சிலருக்கு அதற்கும் முன்பே, வாயின் பின்பகுதியில் ஒரு பல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கடைசிப் பால் பல்லுக்கும் அப்பால், வெறும் ஈறாக இருந்த இடத்தில், ஆறு வயதை ஒட்டி அது வருகிறது. அதற்காக எந்தப் பல்லும் விழுவதில்லை. ரத்தம் இல்லை, அழுகை இல்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு கடைவாய்ப் பற்கள், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வந்துவிடுகின்றன.

சத்தமில்லாமல் வந்ததால் அவற்றைப் பால் பல் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். கறுப்பாக ஏதோ தெரிந்தால், ‘விழுந்து முளைக்கிற பல்லுதானே’ என்று விட்டுவிடுகிறோம். அது விழுந்தால் முளைக்காது. அறுபது எழுபது வருஷம் சோற்றை அரைக்க வேண்டிய பல் அது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்தி மூடும் என்பதே பெரும்பாலும் அந்த நான்கை வைத்துத்தான் அமைகிறது. அதன் தலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். நடுவில் கோடு கோடாக வெடிப்புகள் ஓடும். பல வெடிப்புகள் பிரஷ்ஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலானவை. எவ்வளவு தேய்த்தாலும் நார் உள்ளே இறங்காது. பிஸ்கட் மாவு இறங்கும். முழுதாக மேலே ஏறி நிற்க அதற்கு மாதக்கணக்கில் ஆகிறது. அதுவரை பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்து கிடப்பதால், பிரஷ் அதன் தலையைத் தொடாமலேயே தாண்டிப் போய்விடும். அதைத் தேய்க்க வேண்டிய பொறுப்போ ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில்.

எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். ஆனால் அதைக் கட்டிய செல்கள், பல் வெளியே தலைகாட்டும்போதே அழிந்துபோகின்றன. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும்; எனாமல் போனால் போனதுதான். அதற்கு ஒரே ஒரு சலுகை உண்டு. குழி விழுவதற்கு முன்னால், சுண்ணாம்பு பட்டதுபோல ஒரு வெள்ளைத் திட்டாக மட்டும் இருக்கிற கட்டத்தில், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கும். ஃபுளோரைடு கூட இருந்தால் இன்னும் உறுதியாகக் கொடுக்கும். அந்தக் கட்டத்தில் துளி வலி இருக்காது. வலி தொடங்கும்போது அந்தக் கட்டம் கடந்திருக்கும். திருப்பிவிடக்கூடிய நோய் பேசுவதில்லை, பேசத் தொடங்கிய நோயைத் திருப்ப முடிவதில்லை. பல் மருத்துவத்தின் முழுச் சிக்கலும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதனால்தான் குடும்பப் பல் மருத்துவர் என்ற ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். தன் கடைவாயைத் தானே பார்க்க மனிதனால் முடியாது. கண்ணாடி முன் நின்று எவ்வளவு வாயைப் பிளந்தாலும் முன்பல்லும் நாக்கும்தான் தெரியும். இன்னொருவர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, விளக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் உண்டு. அப்படிப் பார்க்கிறவர் போன வருஷமும் பார்த்தவராக இருந்தால், அந்த வெள்ளைத் திட்டு புதிதா பழையதா, பரவியிருக்கிறதா அப்படியே நிற்கிறதா என்று அவருக்குத் தெரியும். அம்மாவுக்கு ஈறு வீங்கும், அப்பா பாக்கு போடுவார், பெரியவளுக்குக் கிளிப்பு போட வேண்டியிருக்கும், சின்னவனுக்குக் கடைவாய்ப் பல் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது என்று ஒரு குடும்பத்தின் வாய்களை வரிசையாக அறிந்தவர் அவர். வெடிப்புகளைப் பிசின் ஊற்றி அடைத்துவிடுவார். ஃபுளோரைடு பூச்சுத் தடவுவார். காரை படிந்தால் எடுப்பார். இவற்றில் எதற்கும் ஊசி வேண்டாம். பார்க்கிற நமக்கு இதெல்லாம் ஒரு சிகிச்சையாகவே தோன்றாது.

அப்படி ஒருவர் எட்டாத ஊரைப் பார்க்க, இனி கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போவோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகத்தான் கல்வராயன் மலைக்கு ஏற வேண்டும். வழியெல்லாம் கரும்பு. கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. வடக்கே மூங்கில்துறைப்பட்டில் இன்னொன்று. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் பேருந்து நகரும். கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் காற்று மாறுகிறது, பயிரும் மாறுகிறது. மேலே இருப்பவர்கள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்வார்கள். சாமை, தினை, கேழ்வரகு, கொள்ளு என்று விளைவித்துத் தின்ற ஊர்கள் இவை. இப்போது சரிவெல்லாம் மரவள்ளி. கிழங்கு லாரியேறி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. வரும் காசில் டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட் பாக்கெட் மேலே வருகின்றன. சாமை சோறு போய் ரேஷன் அரிசி வந்தது.

இது வெள்ளிமலைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் டிரிஸ்டன் டா குன்யா என்று ஒரு தீவு இருக்கிறது. 1930களில் அங்கே போன மருத்துவர்கள், தீவு மக்களின் பற்கள் அவ்வளவு நன்றாக இருப்பதைக் கண்டு வியந்து எழுதினார்கள். உருளைக்கிழங்கும் மீனும்தான் அவர்களுடைய சாப்பாடு. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படை நிலையம் வந்தது, பின்னால் மீன் பதனிடும் ஆலை வந்தது, கடை வந்தது, சர்க்கரை வந்தது. 1961-ல் எரிமலை வெடித்து, தீவு மக்கள் மொத்தமும் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டபோது, அங்குள்ள பல் மருத்துவர்கள் பார்த்தது வேறு வாய்களை. தூரம் காத்துவந்த பற்களை, தூரம் குறைந்ததும் காக்க வேறு யாரும் இல்லை.

இனிப்பு எப்படிக் கெடுக்கிறது என்பதை நாம் அறிந்த விதம் எனக்கு எப்போதும் உறுத்தலாக இருக்கிறது. ஸ்வீடனில் லுண்ட் நகரத்தை ஒட்டி விப்பெஹோல்ம் என்ற மருத்துவமனை இருந்தது. மனவளர்ச்சி குன்றியவர்களை வைத்துப் பராமரித்த இடம். 1940களின் பிற்பகுதியில் அங்கிருந்தவர்களுக்கு, பல்லில் ஒட்டிக்கொள்ளும்படி தனியாகச் செய்த டாஃபி மிட்டாய்களைச் சாப்பாட்டுக்கு இடையிலெல்லாம் கொடுத்து, பல் எவ்வளவு சொத்தையாகிறது என்று பார்த்தார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்கள் அவர்கள். பலருடைய பற்கள் அழிந்தன. முடிவுகள் 1954-ல் வெளியாயின. எவ்வளவு இனிப்புத் தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம், எவ்வளவு நேரம் அது வாயில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம் என்ற பாடம் அங்கிருந்துதான் வந்தது. ஒவ்வொரு முறை இனிப்புப் பட்டதும் கிருமிகள் அமிலம் உண்டாக்குகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைகிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி, ஒரு மணி நேரம் பிடிக்கிறது. அதற்குள் அடுத்த பிஸ்கட் வந்துவிட்டால் எச்சில் தோற்றுப்போகிறது. சாப்பாட்டோடு சேர்த்து இனிப்புக் கொடுங்கள், இடையில் கொடுக்காதீர்கள் என்று இன்று ஒரு மருத்துவர் ஒரு தாயிடம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்குப் பின்னால், வாய் திறந்து எதிர்க்க முடியாத மனிதர்களின் வாய்கள் இருக்கின்றன.

மலைக்காரர்களுக்குப் பல்லைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை என்று சமவெளியில் உட்கார்ந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடுக்காய் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். கல்வராயன் மலையின் காட்டுப் பொருள்களில் அதுவும் ஒன்று. தோல் பதனிடவும் பல்பொடி இடிக்கவும் கடுக்காய் மூட்டை மூட்டையாக மலையிறங்கிப் போயிருக்கிறது. அதன் துவர்ப்பு ஈறை இறுக்கும் என்பது மலையில் எந்தப் பாட்டிக்கும் தெரியும். வேலங்குச்சி ஒடித்து மெல்வதும் தெரியும். இந்த அறிவை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது சாமை தின்ற வாய்க்குப் போதுமான அறிவு. வெடிப்புக்குள் இறங்கிய பிஸ்கட் மாவை எந்தக் குச்சியும் எடுக்காது; கரைந்த கனிமத்தைக் கடுக்காய் திருப்பிக் கொடுக்காது. பெரும்பாலான பல்பொடிகளில் ஃபுளோரைடு கிடையாது. உமிக்கரியும் செங்கல் பொடியும் எனாமலையே தேய்த்துவிடும். சாப்பாடு மாறிய வேகத்தில் பல் துலக்கும் அறிவு மாறவில்லை. மாற்றித் தர ஆளில்லை.

கள்ளக்குறிச்சியில் ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில், ஈறு வீங்கிய என் அத்தையோடு உட்கார்ந்திருந்தபோது, வெள்ளிமலைப் பக்கமிருந்து ஒரு தாய் பத்துப் பதினோரு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. முதல் நாள் கிராம்புத் தைலம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்திருக்கிறார்கள். பூச்சி விழவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள் அறைக்கும் வெளி அறைக்கும் இடையே திரைதான். டாக்டரம்மா பேசுவது எங்களுக்கும் கேட்டது.

“எத்தனை நாளா வலிக்குதும்மா?”

“முந்தாநாள் ராத்திரிலருந்து தூங்கலம்மா. புடுங்கிடுங்க.”

“புடுங்காம காப்பாத்தலாமான்னு பார்க்கறேன். வேர் சிகிச்சை பண்ணணும். ரெண்டு மூணு தடவை வரணும். அப்புறம் கேப் போடணும்.”

“அத்தினி தடவை எங்கம்மா வர்றது. பால் பல்லுதானே, புடுங்கிட்டா வேற மொளைக்குமே.”

“இது பால் பல் இல்லம்மா. ஆறு வயசுல வந்தது. போனா வராது.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்தத் தாய் சொன்னது: “யாராச்சும் சொல்லியிருந்தா பார்த்திருப்பமே.”

பல்லைப் பிடுங்கித்தான் அனுப்பினார்கள். அந்தத் தாயின் கணக்கில் பிழை காண எனக்கு மனமில்லை. ஒவ்வொரு தடவை இறங்கி ஏறவும் ஒரு நாள் கூலி போகும். இரண்டு பேருக்குப் பேருந்துக் காசு. கடைசி வண்டியைத் தவறவிட்டால் ராத்திரி எங்கே தங்குவது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதை யார் பார்ப்பது. வேர் சிகிச்சைக்கும் கேப்புக்கும் ஆகும் செலவு அதன் மேல். டாக்டரம்மாவும் தன்னால் முடிந்தவரை எடுத்துச் சொன்னார். அந்தப் பல் போனதால், பின்னால் வரும் பல் முன்னோக்கிச் சாயும். எதிர்வரிசைப் பல் முட்டுக் கொடுக்க ஆளில்லாமல் நீண்டு இறங்கும். இடைவெளிகளில் உணவு தங்கும். நாற்பது வயதில் அவன் ஒரு பக்கமாகவே மென்று பழகியிருப்பான். ஏன் என்று அவனுக்கே தெரியாது.

காப்பாற்றும் வழிகள் இல்லாமல் இல்லை. 1955-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் மைக்கேல் புவோனகோர் என்ற பல் மருத்துவர் ஓர் எளிய காரியம் செய்தார். எனாமலின் மேல் பாஸ்பாரிக் அமிலத்தைக் கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினால், மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பாகி, பிசின் அதில் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது என்று கண்டார். பல்லை அழிப்பதும் அமிலம்தான். அளவறிந்து வைத்தால் பல்லைக் காக்கும் பொருளை ஒட்டவைப்பதும் அமிலம்தான். குழந்தையின் கடைவாய் வெடிப்பை அடைப்பது, சொத்தையைத் தோண்டிப் பல் நிறத்திலேயே அடைப்பது, உடைந்த முன்பல்லைக் கட்டி அழகாக்குவது என்று இன்று மூன்று தனித்தனிச் சேவைகளாகப் பலகையில் எழுதிவைத்திருக்கிறோமே, அந்த மூன்றும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன.

மலைக்கென்றே பிறந்ததைப் போன்ற இன்னொரு வழியும் இருக்கிறது. 1980களின் நடுவில் தான்சானியாவில், மின்சாரம் இல்லாத கிராமங்களுக்காக உருவானது அது. துளையிடும் இயந்திரம் வேண்டாம். கைக்கருவியால் சொத்தையின் மெத்தென்ற பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கண்ணாடி அயனோமர் சிமெண்டைக் கையாலேயே அழுத்தி வைப்பார்கள். அந்த சிமெண்ட் பல்லோடு தானாகவே பிடித்துக்கொள்ளும். மெல்ல மெல்ல ஃபுளோரைடையும் கசியவிடும். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூடத் தேவைப்படாது. ஒரு பெஞ்சு, நல்ல வெளிச்சம், பயிற்சி பெற்ற ஒரு கை போதும். சொத்தையை அப்படியே நிறுத்திவிடும் வெள்ளிக் கரைசலும் உண்டு. சொட்டு சொட்டாகத் தடவினால் போதும், ஆனால் தடவிய இடம் கறுத்துப்போகும். இந்த இரண்டையும், ஃபுளோரைடு பற்பசையையும், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உலகத்தில் 350 கோடி பேர் வாய் நோயோடு இருக்கிறார்கள் என்று 2022-ல் அதே நிறுவனம் கணக்குச் சொன்னது. அவர்களில் நான்கில் மூன்று பேர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள்.

அழகுச் சிகிச்சை என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். சோற்றுக்கே வழியில்லாத இடத்தில் சிரிப்புக்கு என்ன அவசரம் என்பது நம் நியாயம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தருமபுரியைப் பாருங்கள். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால், பல் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அதைக் குடித்த பிள்ளைகளுக்கு எனாமலில் பழுப்புக் கறை விழுகிறது. எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரின் கறை ஆயுசுக்கும் நிற்கும். 1937-லேயே, சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்தத் தண்ணீர் எலும்புவரை போய் முடக்கியதை மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து சேர 2013 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பெண்கள், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உதட்டை மூடியே சிரித்திருப்பார்கள். பல் விளக்காதவள் என்று பேச்சும் வாங்கியிருப்பார்கள். அவள் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. அவள் ஊரின் ஆழ்துளைக் கிணறு அவள் பல்லில் எழுதிய எழுத்து அது.

ஆகவே, கறையை மறைத்து ஒரு மெல்லிய பூச்சு வைக்கச் சொல்லிக் கேட்கும் பெண்ணை ஆடம்பரக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். முன்பல் உடைந்த பையன் நேர்காணலுக்குப் போகும்முன் அதைக் கட்டித் தரச் சொல்வதும் ஆடம்பரமில்லை. பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் ஒருவரை எவ்வளவு பின்னுக்குத் தள்ளும் என்பது அப்படி மூடிக்கொண்டவர்களுக்குத்தான் தெரியும். தவிர, மருத்துவப் புத்தகம் தடுப்பு முதலில், சீரமைப்பு அடுத்து, அழகு கடைசி என்று வரிசை வைத்திருக்கலாம். மனிதர்கள் அந்த வரிசையில் வருவதில்லை. வலியோ வெட்கமோதான் அவர்களை நாற்காலிக்குக் கூட்டிவருகிறது. வலியோடு வருகிறவர் பல்லைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், பிறகு வர மாட்டார். வெட்கத்தோடு வருகிறவர் கண்ணாடியில் தன் சிரிப்பைப் பார்த்துவிட்டு, மறுபடியும் வருவார்.

பல்லைப் பார்த்து மனிதரை எடைபோடுகிற வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பல் கெட்டவரைச் சோம்பேறி என்று சொல்லாவிட்டாலும் நினைத்துவிடுகிறோம். கன்னம் உப்பிய அந்தப் பையனைப் பார்த்த நாளிலிருந்து இதை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். ஆறு வயதுப் பல்லின் எனாமல் பிறப்பை ஒட்டித் தொடங்கி மூன்று வயதுக்குள் உருவாகி முடிகிறது. அப்போது அவன் தாய் என்ன சாப்பிட்டாள், அவன் எந்தத் தண்ணீர் குடித்தான், காய்ச்சல் வந்தால் யார் பார்த்தார்கள் என்பது அந்தப் பல்லுக்குள் போய்விடுகிறது. ஆறு வயதில் அது முளைத்தபோது அதைக் கவனிக்க அறிந்த ஒருவர் அருகில் இருந்தாரா இல்லையா என்பது அடுத்த ஐந்தாண்டில் அதன் விதியைத் தீர்த்துவிடுகிறது. இதில் அவன் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன? வாய் நிறையப் பல்லோடு அறுபதைக் கடந்த ஒருவரைப் பார்க்கும்போது அவருடைய ஒழுக்கத்தைத்தான் மெச்சுகிறோம். அவரே அறியாத வயதில் அவருக்காக வாயைத் திறந்து பார்த்தவர்கள் அந்தப் புகழுக்குள் இல்லை. நல்ல பற்கள், வலிக்காத காலத்தில் யாரோ நம்மை விசாரித்ததன் அடையாளம். செல்வம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: எந்தக் கேடும் தெரியாத நாளிலும் நம்மை ஒருவர் வந்து பார்ப்பார் என்ற உறுதி.

அந்த உறுதி கல்வராயன் மலைக்கு என்றைக்குமே கிடைத்ததில்லை. 1976 வரை அது ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அதற்குப் பிறகும் அரசாங்கம் மலையைத் திரும்பிப் பார்த்தது பெரும்பாலும் ஏதாவது விபரீதம் நடந்தபோதுதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. சாலையையும் பள்ளியையும் மருத்துவ வசதியையும் பற்றிக் கேள்வி கேட்டது. கேட்டதற்கு நன்றி. ஆனால் கன்னம் உப்பிய பிறகு மருத்துவரிடம் ஓடுவதும் இதுவும் ஒன்றுதான். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? அரசாங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் நமக்கும் மலையோடு இருந்துவரும் உறவைத்தான் அவளும் தன் பிள்ளையின் பல்லோடு வைத்திருந்தாள்.

முகாம் நடத்துகிறோமே என்பார்கள். நடத்துகிறார்கள், உண்மை. மேளதாளத்தோடு பேனர் கட்டி, மரத்தடியில் நாற்காலி போட்டு, நூற்றுக்கணக்கான வாய்களைப் பார்த்து, பற்பசையும் பிரஷ்ஷும் கொடுத்து, பிடுங்க வேண்டியதைப் பிடுங்கிவிட்டுப் போகிறார்கள். வந்தவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளைத் திட்டு பரவுகிறதா என்று பார்க்க இரண்டாவது முறை வர வேண்டும். அடைத்த பிசின் பெயர்ந்ததா என்று பார்க்க மூன்றாவது முறை வர வேண்டும். பாக்கு போடுகிறவரின் கன்னத்தில் உள்பக்கம் வெளுத்திருந்தது இன்னும் இறுகியிருக்கிறதா என்று பார்க்க நான்காவது முறை. பாக்கு தனியாகவே புற்றுநோயைத் தரக்கூடியது என்று 2004-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. அந்த வெளுப்பை முதலில் காணக்கூடியவர் பல் மருத்துவர்தான். முகாமுக்கு முதல் முறை மட்டுமே உண்டு.

வேண்டிய ஏற்பாடுகள் பாதி இருக்கின்றன. 2022-ல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் பல்லையும் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. தமிழக அரசே 2023-ல் ‘புன்னகை’ என்ற பெயரில் பள்ளிச் சிறாருக்கான பல் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. மலைமேல் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. வெள்ளிமலையில் ஏகலைவா பள்ளியும் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் தாயை விட்டு விடுதியில் தூங்குகிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பல் விளக்கினாயா என்று கேட்க அவர்களுக்கு வீடு இல்லை. தூக்கத்தில் எச்சில் வற்றிவிடும். அதனால் காலையில் விளக்காமல் விட்டாலும் ராத்திரி விளக்காமல் விடக்கூடாது. ராத்திரி எட்டு மணிக்குக் குழாயடியில் வரிசையாக நிறுத்தி, ஃபுளோரைடு பற்பசை ஒரு பட்டாணி அளவு பிரஷ்ஷில் வைத்து, துப்பச் சொல்லி, மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காமல் படுக்க அனுப்ப ஒரு காப்பாளர் மனம் வைத்தால் போதும். இதற்கு அரசாணை வேண்டியதில்லை.

ஆனால் காப்பாளரால் வெடிப்பை அடைக்க முடியாது. அதற்கு மலையிலேயே இருக்கிற ஒரு பல் மருத்துவர் வேண்டும். ஒரு நாற்காலி, கைக்கருவிகள், சிமெண்ட், பிசின், ஒரு நோட்டு. ஒன்றாம் வகுப்பில் பார்த்த வாயை இரண்டாம் வகுப்பிலும் அவரே பார்க்க வேண்டும். நோட்டைப் புரட்டி, போன வருஷம் என்ன எழுதினோம் என்று பார்க்க வேண்டும். நகரங்களில் ஒரே தெருவில் மூன்று பல் மருத்துவமனைப் பலகைகள் தொங்குகின்றன. படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளம் பல் மருத்துவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். தங்க வீடும் நல்ல சம்பளமும் கொடுத்து, ஒரு வருஷத்தில் மாற்றிவிடாமல் ஐந்தாறு வருஷம் இருக்கவிட்டால், வரத் தயாராக இருப்பவர்கள் கிடைப்பார்கள் என்று நம்புகிறேன்.

அப்படி ஒரு பதவி உண்டாக்கினால், அதன் சாமான் பட்டியலில் முன்பல் கட்டும் பொருளையும் சேர்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தணிக்கையில் யாராவது இது அழகுச் சிகிச்சைச் செலவு என்று சிவப்பு மையில் கோடிழுக்கக்கூடும். இழுக்க விடக்கூடாது. கரியாலூரிலோ சேராப்பட்டிலோ கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு உடைந்த முன்பல் சரியானால், அந்த வாரமே ஊருக்குச் செய்தி போய்விடும். அடுத்த தடவை அவள் தனியாக வர மாட்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிற தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, இவன் வாயையும் கொஞ்சம் பாருங்க டாக்டர் என்பாள்.